சாலையோரத்தில் கிடந்தவன்



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம் என்பது ஞானோபதேசம் படிக்கிற சிறு பிள்ளைக்கும் தெரியும். இம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் மாண்டவர்களையும் காயப்பட்டவர்களையும் நினைவுகூருகிற நாள் என்பது பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. 2005-ம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை இந்த ஞாயிற்றை அதற்கென்று குறித்தது. வருகிற ஞாயிறு மாலைப் பூசையை அந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்க இருக்கிறேன். அதற்கு முன் உங்களோடு சில வார்த்தை பேசவேண்டியிருக்கிறது.

2022-ம் ஆண்டில் நமது தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். மணிக்கு 19 பேர் வீதம் என்று கணக்காகிறது. நாம் ஞாயிற்றுப் பூசைக்கு உள்ளே வந்து, வெளியே போய்ச் செருப்பு மாட்டுவதற்குள் ஏறக்குறைய இருபது உயிர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நமது தமிழ்நாடே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்த எண்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதே ஆண்டில் காயப்பட்டுப் பிழைத்தவர்கள் 4,43,366 பேர் என்றும் அதே கணக்கு சொல்லுகிறது. மாண்டவர்களுக்காகப் பூசை வைக்கிறோம், கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறோம், நல்லது. பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

நல்ல சமாரியனின் உவமையை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 10-ம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். இதைப் பிரசங்கிக்கிற நாங்கள் எல்லாரும் குருவையும் லேவியனையும் கண்டித்து, சமாரியனைப் புகழ்ந்து, அத்தோடு இறங்கிவிடுகிறோம். அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி ஒருவரும் கேட்கிறதில்லை. அவனுக்குப் பேர் இல்லை, உவமை முழுவதிலும் அவன் ஒரு வார்த்தை பேசுவதுமில்லை. சமாரியன் அவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்ச ரசமும் வார்த்துக் கட்டி, தன் மிருகத்தின்மேல் ஏற்றி, சாவடிக்குக் கொண்டுபோய், மறுநாள் சாவடிக்காரன் கையில் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். ஒரு வெள்ளிக்காசு அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். இரண்டு காசு எத்தனை நாளைக்குக் காணும்? அது போதாது என்று சேசுநாதருக்குத் தெரியும். ஆகையால்தான், இதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சமாரியன் சொன்னதாகவும் அவர் சேர்த்துச் சொன்னார். முதல் நாளின் கட்டுக்கும் எண்ணெய்க்கும் அப்பால் ஒரு நீண்ட செலவு உண்டு என்பது அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. அந்த மனிதன் எத்தனை நாள் சாவடியில் படுத்திருந்தான்? எரிக்கோவுக்கு இறங்குகிற அதே பாதையில் மறுபடி நடக்கும்போது அவன் கால் நடுங்கவில்லையா? சுவிசேஷம் சொல்லவில்லை. அந்தப் பகுதியை நம்முடைய வீடுகளில்தான் பார்க்கவேண்டும்.

நமது பங்கிலேயே ஒரு வீட்டில் நான் அதைப் பார்த்தேன். அவர்களுடைய உத்தரவின்பேரில்தான் இதை எழுதுகிறேன். எழுதினதை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தும் காட்டினேன். இரண்டு வாக்கியங்களை அடிக்கச் சொன்னார்கள், அடித்துவிட்டேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி வேளாங்கண்ணி மாதாவின் கொடியேற்றத்துக்கு அந்தக் குடும்பத்தார் காரில் போயிருந்தார்கள். தம்பி கார் ஓட்டினார். அவருடைய மனைவி, ஒன்பது வயதுப் பையன், அண்ணனுடைய மனைவி ஆகிய மூவரும் உடன் போனார்கள். அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டு பெண்பிள்ளைகள் இருவரோடும் ஊரில் இருந்தார். கொடியேற்றம் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது, கடை இருக்கிறது என்று அன்றிரவே திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலம் மூன்று மணி. பின் விளக்கு இல்லாமல் சாலையோரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. தம்பிக்குக் கண் அசந்தது. மீதியை நான் விவரிக்கப்போவதில்லை. பின் இருக்கையில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த மதினி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே ஆத்துமத்தை ஒப்புக்கொடுத்தார். தம்பிக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மனைவிக்குத் தோள் காறை எலும்பு. பையனுக்குத் தலையில் அடி.

நான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இது: "சாமி, மதினியை எடுத்துக்கிட்டு என்னை எதுக்கு விட்டாரு?"

முப்பது வருஷமாய்க் குருவாயிருக்கிற நான், எல்லாரும் சொல்லுகிறதையே சொன்னேன். சர்வேசுரனுக்கு உன்னிடத்தில் ஏதோ ஒரு வேலை பாக்கியிருக்கிறது அப்பா என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்போ மதினிகிட்ட வேலை இல்லையா சாமி? ரெண்டு பொம்பளைப் பிள்ளைய வச்சிருந்தாங்களே" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆறுதல் என்று நினைத்து நாம் சொல்லுகிற வார்த்தைகளில் எத்தனை, படுத்திருக்கிறவன் நெஞ்சில் கல்லைத் தூக்கிவைக்கின்றன என்று அன்றைக்கு அறிந்தேன். அதற்குப்பின் அவ்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஐந்து மணிச்செபம் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்து வருவேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மாதா கோயிலுக்குப் போய்வருகிற வழியிலா இப்படி நடக்கும்? என்ன நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்தார்களோ!" என்று கிணற்றடியில் பேசினவர்களும், பூசை முடிந்து வெளி வாசலில் பேசினவர்களும் நம்மவர்கள்தான். அவர்களுக்கு நான் ஒன்று கேட்கிறேன். சேசுநாதர் காலத்தில் ஜெருசலேமிலே சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளாயிருந்ததால்தான் அப்படி நடந்தது என்று ஊர் பேசினது. நமதாண்டவர் அதை ஒப்புக்கொண்டாரா? இல்லவே இல்லை என்று மறுத்துவிட்டு, பேசினவர்களைத் தங்கள் தங்கள் மனந்திரும்புதலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் இருக்கிறது, வீட்டில் எடுத்து வாசியுங்கள். மாதாவைத் தேடிப் போனவர்களை மாதா தண்டிப்பாள் என்று நினைக்கிறவன் தன்னைப் பெற்ற தாயையே அறியாதவன்.

காரின் முகப்பில் அர்ச். கிறிஸ்தோப்பர் படம் ஒட்டியிருந்தும் இப்படியாயிற்றே என்று ஒருவர் என்னிடம் வந்து துக்கப்பட்டார். படமும் ஜெபமாலையும் தாயத்து அல்ல. வண்டியை நாங்கள் மந்திரித்துக் கொடுப்பது, ஓட்டுகிறவன் தூங்காமலும் குடியாமலும் பிறர் உயிரைத் தன் உயிராக எண்ணியும் ஓட்டவேண்டும் என்று செபிப்பதற்காகவே. தூக்கத்தை அர்ச். கிறிஸ்தோப்பர் தம் தோளில் சுமப்பதில்லை.

இனி, மனச்சாட்சியின் காரியம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குறித்துக் குருவானவன் சாகுமட்டும் வாய் திறக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் அவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழ நூறு தரம் சொன்னதை மாத்திரம் எழுதுகிறேன். வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்களாம். மனைவி, "ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போவோமே" என்றாராம். அவர் வேண்டாம் என்றாராம். அந்த ஒரு மணி நேரத்தையே அவர் வருஷம் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவனுக்கு உற்றார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், நீதான் கொன்றாய் என்பார். மற்றொருவர், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் விதி என்பார். இரண்டும் அவனைக் குணப்படுத்துவதில்லை, ஏனென்றால் இரண்டும் உண்மையல்ல. திருச்சபை இந்த விஷயத்தில் நம் உறவுமுறையாரைக் காட்டிலும் நிதானமாய்ப் பேசுகிறது. சாவான பாவமாவதற்குக் கனமான காரியமும் முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். தூங்கவேண்டுமென்று ஒருவன் சம்மதித்துத் தூங்கினானா? இல்லை. அயர்ச்சி வந்தது தெரிந்தும் நிறுத்தாமல் ஓட்டினானா? ஓட்டினான். அந்த அசட்டைக்கு ஒரு அளவு உண்டு. அந்த அளவை உள்ளபடியே சர்வேசுரன் சமுகத்தில் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். கேட்டவனுக்கு மன்னிப்பு உண்டு, குருவின் கை அதற்காகத்தான் உயருகிறது. விளக்கில்லாமல் லாரியை நிறுத்தினவனுடைய பங்கு அவனுடைய பங்கு. இந்த இரண்டையும் கழித்த பிறகும் மனதில் ஒரு பெரிய பாரம் மிஞ்சும். அது பாவமல்ல. அது காயம். பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோக வேண்டும், காயத்தை வைத்தியத்துக்கும் காலத்துக்கும் ஒப்புவிக்கவேண்டும். காயத்தைப் பாவமென்று எண்ணி வாரந்தோறும் அதையே சங்கீர்த்தனம் செய்கிறவன் ஒருநாளும் சமாதானம் அடையமாட்டான்.

உடம்பின் காரியம் ஒருவாறு நடந்தது. தொடை எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடுவதற்கு மாதங்கள் ஆகும். கூடின பிறகும் மடங்காமல் விறைத்துப்போன முழங்காலை மடக்கிப் பழக்குகிற வேதனை தனி. அதற்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிக்காரரைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும். ஒரு மாதம் போகாமலும் இருந்துவிட்டார். அப்போது அர்ச். இஞ்ஞாசியாருடைய சரித்திரத்தை அவருக்குச் சொன்னேன். 1521-ம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. எலும்பு கோணலாய்க் கூடிற்று, மறுபடியும் முறித்துச் சேர்த்தார்கள். அப்போதும் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததால் அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அந்நாளில் மயக்க மருந்து ஏது? இவ்வளவும் எதற்காக? அழகாகப் பூட்ஸ் அணிந்து துரைமார் நடுவில் நடக்கவேண்டும் என்ற வீண் பெருமைக்காக! இதைக் கேட்டு அவர் விபத்துக்குப்பின் முதல்முறை சிரித்தார். படுக்கையில் பொழுதுபோகாமல் வீரர் கதை கேட்டவருக்கு, அந்த வீட்டில் இருந்த கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமுமே கிடைத்தன. நடக்க ஆரம்பித்தபோது அவர் வேறு மனிதராயிருந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கால் நேராகவில்லை. சாகுமட்டும் நொண்டி நடந்தார். அப்படி நடந்தவர் 1540-ல் ஸ்தாபித்த சேசு சபையிலிருந்தே 1542-ல் அர்ச். சவேரியார் நமது முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். குணமாவது என்றால் முன்னிருந்தபடியே ஆவது என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

எலும்பைவிட மெதுவாய்க் கூடுவது மனது. மூன்றாம் மாதத்திலும் அவர் விடியற்காலம் மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து விழித்துக்கொண்டார். தெருவில் லாரி ஹாரன் கேட்டால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஆட்டோவில் ஏறமாட்டார். டீசல் வாடை பட்டால் வாந்தி எடுப்பார். நடந்தது கண்முன் மறுபடி மறுபடி நடக்கும். வீட்டார் இதை முதலில் பேய்க்கோளாறு என்றார்கள், பிறகு விசுவாசக்குறைவு என்றார்கள். இரண்டும் அல்ல. கோர விபத்துக்குத் தப்பினவர்களுக்கும் யுத்தத்திலிருந்து திரும்பின சிப்பாய்களுக்கும் வருகிற இந்த நோயை 1980-ம் ஆண்டு முதல் வைத்தியர்கள் தனிப் பேரிட்டு அடையாளம் கண்டிருக்கிறார்கள். முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது சகஜம், அநேகருக்குத் தானே குறைந்துபோகும். ஒரு மாதம் கடந்தும் குறையாமல் தூக்கத்தையும் தொழிலையும் கெடுத்தால் மனநல வைத்தியரைப் பார்க்கத்தான் வேண்டும். முறிந்த காலுக்கு வைத்தியரிடம் போவதற்கு வெட்கப்படாதவன் இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்? எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசாங்கத்தாரின் மனநல உதவி இலவசமாய்க் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

அந்த வைத்தியர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருந்தது. முதல் வாரம், நிறுத்தி வைத்த காரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரவேண்டும், அவ்வளவுதான். அடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு. அடுத்து, வேறொருவர் ஓட்டக் கோயிலை ஒரு சுற்று. பிறகு கடைவீதி மட்டும். பயம் வரும், வந்தாலும் இறங்கி ஓடாமல் அது தணிகிறவரை இருக்கவேண்டும். சிலுவைப்பாதையில் ஸ்தலத்துக்கு ஸ்தலம் நின்று போகிறதைப் போல என்று அவருடைய தாயார் சொன்னார். அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் அல்ல.

பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் அடிபட்ட பிள்ளைகள் தையல் பிரித்த பிறகு பார்வைக்கு நன்றாய் இருப்பார்கள். ஆனால் மறதி, தலைவலி, சடுதிக் கோபம், பாடத்தில் கவனமின்மை ஆகிய இவை மாதக்கணக்கில் நிற்கலாம். இதை அறியாமல் பள்ளிக்கூடத்தில் முழங்காலில் நிறுத்தினார்கள். பெற்றோர் போய் ஆசிரியருக்குச் சொல்லவேண்டும், வைத்தியரிடமும் சொல்லவேண்டும். நமது ஞானோபதேச வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

வலிக்காக என்று மாலையில் ஆரம்பிக்கிற குடி வலியோடு போய்விடாது. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு நாள் அவ்வீட்டில் எல்லாரும் அவருடைய காலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுவந்த அவருடைய மனைவியைப் பார்த்தேன். தோள் எலும்பு முறிந்தவர் அவரும்தான். கட்டு அவிழ்த்த நாள் முதல் கணவனைத் தூக்கி உட்கார்த்தியும், மலஜலம் எடுத்தும், பையனை அணைத்தும், கடன்காரருக்குப் பதில் சொல்லியும், ஒரு முழு இரவு தூங்காதவர். நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்.

நமது பங்கில் அன்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் வாரம் அந்த வீட்டில் நிற்க இடமில்லை. ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்சும் மேசை நிறைய இருந்தன. நான்காம் மாதம் போனபோது வாசலில் ஒரு செருப்பும் இல்லை. மருந்துச் செலவும் கடை வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் அப்போதுதான் கழுத்தை நெரித்தன. இரண்டு வெள்ளிக்காசு எல்லாரும் கொடுத்தோம். அதற்கு மேற்பட்ட செலவுக்குத் திரும்பி வந்தவர்கள் சிலர் மாத்திரமே. மரியாயின் சேனைப் பெண்கள் இருவர் செவ்வாய்தோறும் போய்ப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த இரண்டு மணி நேரம் தாயைத் தூங்கவிட்டார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் ஆறு மாதம் அரிசி கொடுத்தார்கள். அதில் ஒருவர் நஷ்டஈட்டு வழக்கின் காகிதங்களுக்காகக் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தார். எனக்குத் தெரிந்து அவர் அதைப்பற்றி வெளியில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆகையால் நானும் பேரைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய பயத்தையும் போக்கவேண்டியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குத் தைலத்தோடு போனபோது அவருடைய தாயார், "ஐயோ, சாமி அவஸ்தைப்பூசுதலுக்கு வந்துட்டாரே, என் பிள்ளை பிழைக்கமாட்டானா" என்று வராந்தாவில் விழுந்து அழுதார். கடைசி மூச்சில் கொடுக்கிறதே இந்தத் தேவதிரவிய அநுமானம் என்று நம் முன்னோர் எண்ணியிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதற்கு நோயிற்பூசுதல் என்ற பேரே பொருத்தம் என்றும், மரணத் தறுவாயில் உள்ளவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல என்றும் 1963-ல் தெளிவாக்கிற்று. ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் 1972-ல் புதிய முறையை ஏற்படுத்தினார். கனமான ஆபரேஷனுக்கு முன் பெறலாம், நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசுகிறோம். எரிக்கோ பாதையில் சமாரியன் வார்த்ததும் எண்ணெய்தானே? ஆகையால் விபத்து என்று கேள்விப்பட்டவுடனே 108-க்குப் போன் செய்யுங்கள், அடுத்தபடி பங்குச்சுவாமிக்குச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கிறவரை காத்திருக்கவேண்டாம்.

வழியில் கிடக்கிறவனைக் கண்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டி வருமே என்று வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. உதவி செய்கிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். நமது மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கின ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

1944-ம் ஆண்டு பெப்ருவரி 29-ந் தேதி போலந்து தேசத்துக் கிராக்கோ நகரில் ஒரு வாலிபத் தொழிலாளி வேலை முடிந்து நடந்து வரும்போது ஜெர்மானிய இராணுவ லாரி மோதித் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். அவரை முதலில் கண்டு அருகில் நின்றவள் ஒரு பெண். அவரை வேறொரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவர் யார் தெரியுமா? அவ்வழியே வந்த ஒரு ஜெர்மானிய அதிகாரி. அந்தத் தேசத்தைக் கொள்ளையிட்டு ஜனங்களைக் கொன்றுகொண்டிருந்த சேனையைச் சேர்ந்தவர்! யூதனுக்குச் சமாரியன் எப்படியோ போலந்துக்காரனுக்கு அன்றைய ஜெர்மானியன் அப்படி. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து எழுந்த அந்த வாலிபர் இரகசியமாய்க் குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். 1978-ல் பாப்பரசராகி இரண்டாம் அருள் சின்னப்பர் என்று பேர் பெற்றார், 2014-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும் பெற்றார். மனிதருடைய வேதனையைக் குறித்து 1984-ல் அவர் எழுதின நிருபத்தின் பிற்பகுதியில் நல்ல சமாரியனைப்பற்றி விரித்து எழுதியிருக்கிறார். தாம் கிராக்கோ தெருவில் கிடந்ததைப்பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதும்போது நினைத்திருக்கமாட்டாரா என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, அண்ணன் தம்பி காரியம். இதை எழுதத்தான் எனக்குத் தயக்கமாயிருந்தது.

2007-ம் ஆண்டு வத்திக்கானிலிருந்து சாலைப் பயணத்தைக் குறித்து ஒரு வழிகாட்டி வெளிவந்தது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பத்துக் கற்பனைகள் போல அதில் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைகள் அதை வேடிக்கையாகப் பிரசுரித்தன. எட்டாவது கற்பனை வேடிக்கை அல்ல. விபத்துக்குக் காரணமானவனையும் அதனால் நஷ்டப்பட்டவனையும் தகுந்த காலத்தில் ஒன்றுசேர்த்து, மன்னிப்பின் விடுதலையை அவர்கள் அனுபவிக்கும்படி செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. நான் இதைப் படித்திருந்தேன், ‘தகுந்த காலத்தில்’ என்பதை மாத்திரம் சரியாகப் படிக்கவில்லை. மூன்றாம் மாதமே அண்ணனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். தம்பி கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அதன்பின் ஐந்து மாதம் அவர் என்னோடும் பேசவில்லை. பிழை என்னுடையது. பெண்சாதியைப் புதைத்த மண் காயாதிருக்கும்போது மன்னிப்பைக் கேட்க எனக்கு என்ன அதிகாரம் இருந்தது?

பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. செபம் மாத்திரம் செய்தேன். இந்த வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஆண்டுப்பூசைக்கு முந்தின நாள் மாலை, அண்ணனுடைய இளைய மகள், "சித்தப்பா ஏன் நம்ம வீட்டுக்கு வாறதில்ல? அம்மா செத்ததுக்குச் சித்தப்பா மேல கோவமா?" என்று கேட்டாளாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்த் தம்பி வீட்டு வாசலில் இறங்காமலே நின்று, "நாளைக்கு ஆறரைக்குப் பூசை. வந்துரு" என்று சொல்லித் திரும்பினார். அவ்வளவுதான் பேச்சு. கட்டித் தழுவவில்லை. மறுநாள் தம்பி கைத்தடியோடு வந்து கடைசிப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஓராண்டுக்குப்பின் கோயிலுக்குள் வந்தது அன்றைக்குத்தான். மதினியின் தாயார் இன்னும் அவரோடு பேசுகிறதில்லை. அந்த அம்மாளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, நீங்களும் சொல்லாதேயுங்கள்.

உயிர்த்தெழுந்த நமதாண்டவருடைய சரீரத்தில் சாவில்லை, வேதனையில்லை. ஆனால் ஆணித்தழும்பும் விலாக்காயமும் இருந்தன. மயிலையில் இரத்தம் சிந்தின நமது அர்ச். தோமையாருக்கு அவர் காட்டினது அவைகளைத்தான். அத்தழும்புகளை அழித்துவிட அவருக்கு வல்லமை இல்லாமலா? அவற்றை வைத்துக்கொண்டார். அவற்றிலிருந்து இரத்தம் வடியவில்லை, அவ்வளவே. இதை நான் அந்தத் திண்ணையில் சொன்னபோது தம்பி தம்முடைய தொடைத் தழும்பைத் தடவிக்கொண்டே நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குப் பூசை. விபத்தில் மாண்டவர்களின் பேர்களைச் சீட்டில் எழுதி சனிக்கிழமைக்குள் உபதேசியாரிடம் கொடுங்கள், பீடத்தில் வாசிப்பேன். காயப்பட்டு இன்னும் குணமாகாதவர்களும், குணமாகியும் இரவில் தூங்காதவர்களும் நோயிற்பூசுதல் பெற விரும்பினால் முன் வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். முழந்தாளிடவேண்டியதில்லை. நடக்கமுடியாதவர்களை அழைத்துவர வாலிபர் சங்கத்தார் ஆட்டோ வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஏறப் பயப்படுகிறவர்களுக்குக் கூடவே நடந்துவர ஆள் உண்டு. இதுவரை பதினொரு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரே பேர் எழுதின சீட்டு இரண்டு இருக்கிறது, ஒன்று அண்ணன் கையெழுத்து, மற்றது தம்பி கையெழுத்து.

உங்கள் பங்குச்சுவாமி